ஞானமணி அக்காவின் அனுமதி மனு

புதுக்கோட்டைக் கோர்ட்டு வாசலில் போய் ‘கேஸ் ஞானமணி’ என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூடச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆவூர்ப் பக்கத்து வேதக்கார அம்மா, கழுத்தில் செபமாலை, தோளில் துணிப்பை, அந்தப் பைக்குள் பாதி ஊர் எதிர்மனுதாரராக இருக்கும் என்று அடையாளமும் சொல்வார். பையில் இருந்த காகிதம் முழுக்க என் கையால் அடித்தது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முத்துராமன். கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக மனு அடிக்கிறேன். முதலில் மிஷினில், இப்போது கம்ப்யூட்டரில். ஜெயித்தால் வக்கீலின் வாதம், தோற்றால் டைப்பிஸ்ட்டின் பிழை என்பது இங்கே எழுதாத சட்டம். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கட்சிக்காரர்களிடம் எரிந்து விழுவேன் என்று பெயர். ஞானமணி அக்காவிடம் மட்டும் அது செல்லாது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார்.

அக்கா ஒரு தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவர். எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை முட்டை வந்தது, எத்தனை முட்டை உடைந்தது என்று தினமும் மூன்று ரிஜிஸ்டரில் எழுதி, மூன்றிலும் முழுப்பெயரில் கையெழுத்துப் போடுவார். கணவர் சந்தனராஜ் தன் பங்குக்கு வந்த எழுபத்திரண்டு சென்ட் புன்செய்க் கொல்லையை உயிரோடு இருக்கும்போதே மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. கொல்லைக்குள்ளேயே ஓட்டு வீடு, ஒரு கிணறு, நாலு வேப்பமரம். ரோட்டிலிருந்து அங்கே போக எட்டடிப் பாதை. அந்தப் பாதை போவது கணவரின் தம்பி அருள்தாஸ் நிலத்தின் ஓரமாக. அண்ணன் செத்த பிறகு பிள்ளையில்லாத அண்ணிக்குத் தனியாக ஒரு கொல்லை எதற்கு என்பது அருள்தாஸின் நியாயம். அவர் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார். அக்கா கீரனூர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அந்த முதல் வழக்கில் அக்கா ஜெயித்தார். அதுதான் அவரைக் கெடுத்தது.

தோற்றிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டுக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போகப் பழகியிருப்பார். எட்டடிப் பாதை உண்டு என்று சீல் வைத்த தீர்ப்பு கையில் இருந்ததால், அது தரையிலும் இருந்தாக வேண்டும் என்று நம்பிவிட்டார். அருள்தாஸ் முள்ளை எடுத்துவிட்டுக் கல்லை நட்டார். அக்கா தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனுப் போட்டார். அளந்து பார்க்கக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் அருள்தாஸ் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டார். அளவு ஆறடியாகச் சுருங்கியது. கமிஷனர் மேல் ஒரு மனு. சங்கிலி பிடித்த சர்வேயர் மேல் ஒரு மனு. நோட்டீசை ஆள் மாற்றிக் கொடுத்த தபால்காரர் மேல் ஒன்று. நகல் கொடுக்கத் தாமதித்த ஊழியர் மேல் ஒன்று. ‘விட்டுக் கொடுத்துப் போங்கம்மா’ என்று சொன்ன தன் வக்கீல்கள் இரண்டு பேர் மேலும் புகார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாகப் பதினான்கு வருஷத்தில் நாற்பத்து மூன்று வழக்கு ஆனது. முதல் நாலைந்தைத் தவிர மீதி எதுவும் தேறவில்லை.

அவருக்குப் பைத்தியம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, எனக்குப் பிழைப்பு நடந்தது. இதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. ‘அக்கா, இது நிக்காது, வேணாம்’ என்று அந்த நாற்பத்து மூன்றில் ஒருமுறையாவது நான் சொல்லியிருக்கலாம். மாறாக அவர் கொச்சையாகச் சொன்னதை நல்ல மனுத்தமிழில் மாற்றிக் கொடுத்தேன். அதிலும் இரண்டு பத்திகளில் எனக்குத் தனிப் பெருமை. பாதைக் கல்லைப் பிடுங்கிய கதையும், அதற்கு யார் யார் உடந்தை என்கிற பட்டியலும் அந்தப் பத்திகளில் வரும். ‘நீதிமன்றங்களும் இதைக் கண்டும் காணாமல் இருந்து வருகின்றன’ என்று அதை முடித்தது அக்கா அல்ல, நான். அக்காவுக்கு அந்த வரி மிகவும் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த மனு போட்டாலும், சொத்து விவரத்துக்கு நேர் மேலே அந்த இரண்டு பத்தியும் இருந்தாக வேண்டும்.

கண்டும் காணாமல் எவ்வளவு காலம் இருப்பார்கள்? நாற்பத்து மூன்றாவது வழக்கில் ஒரு நீதிபதியையே எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தோம். இதற்கென்று 1949-இல் வந்த ஒரு பழைய சட்டம் இருக்கிறது. ஓயாமல் வீண் வழக்குப் போட்டுத் தொல்லை கொடுப்பவர் என்று ஹைகோர்ட்டு ஒருவரை அறிவித்துவிட்டால், அதற்கப்புறம் அவர் நினைத்த மாத்திரத்தில் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. முதலில் மாவட்ட நீதிபதியிடம் அனுமதி கேட்டு ஒரு மனுப் போட வேண்டும். இந்த வழக்கில் விஷயம் இருக்கிறது, இது பழைய தொல்லையின் தொடர்ச்சி இல்லை என்று அவருக்குத் திருப்தி வந்தால்தான் கதவு திறக்கும். அரசாங்கத் தரப்பில் மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில் கேட்டார்கள். 2019-இல் உத்தரவு வந்தது. கெஜட்டிலும் அக்கா பெயர் வந்தது.

அக்கா இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்து கொல்லையில் கடலை போட்டார். அதன் பிறகு வந்த நாலு வருஷமும் அவர் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் என்றுதான் நான் சொல்வேன். பாதை கேட்டுச் சண்டை போடவில்லை. கண்மாய்க்கரை வழியாகவே போய் வந்தார். சந்தைக்கு வரும்போது என் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வேகவைத்த கடலை கொண்டுவந்து கொடுப்பார். பேசாமல் இருந்த ஊர்க்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் அவரைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

அருள்தாஸுக்கும் அந்த உத்தரவு நிம்மதியைக் கொடுத்திருக்கிறது. அது வேறு மாதிரி நிம்மதி.

2023 பிப்ரவரியில் ஒருநாள் அக்கா கடைக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு பத்திரத்தின் நகலை என் மேஜையில் வைத்துவிட்டு, படித்துப் பார் என்பது போல நின்றார். ரோட்டை அகலப்படுத்தியதும் அந்தப் பக்கத்து நிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. யாரோ அவர் கொல்லையை வந்து அளந்து பார்த்ததால் சந்தேகப்பட்டு வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார். எழுபத்திரண்டு சென்ட்டும் வீடும் கிணறும் ஆறு மாதம் முன்பே அருள்தாஸுக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன. எழுதிக் கொடுத்தவர் ஞானமணி. ‘தங்கள்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று பத்திரம் சொன்னது. நாற்பத்து மூன்று வழக்குக்குக் காரணமான கொழுந்தன் மேல் அன்பு, பிரியம். நான் சிரித்துவிட்டேன். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்தது. ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’ என்று பக்கத்தில் குறிப்பு.

“இருபத்தாறு வருசம் ரிசிஸ்டரு எழுதுனேன் தம்பி,” என்றார் அக்கா. “என்னய கைநாட்டுன்னு எழுதிப்புட்டாய்ங்க.”

நிலம் போனதைவிட அதுதான் அவருக்கு முதலில் வலித்தது என்று நினைக்கிறேன்.

யாரையோ ஞானமணியாக உட்கார வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இவள் இனிமேல் கோர்ட்டுப் படி ஏற முடியாது என்கிற தைரியம். பத்திர ஆபீசில் கேட்டால், பதிவு ஆனதை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். போலீசில் பெயரைக் கேட்டதும் அந்த அம்மாவா என்று கேட்டுவிட்டு மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். புலி வருது கதைதான். இத்தனை வருஷம் கத்தியதற்கு ஊர் கூடியது. நிஜப்புலி வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் கடையில் அடித்த எல்லா மனுவிலும் சேர்த்து நாலு வரிதான் சத்தியம் இருந்திருக்கும். இது முழுக்க முழுக்கச் சத்தியம்.

எந்த வக்கீலும் அவருக்கு வக்காலத்துப் போடத் தயாரில்லை. நாளைக்குத் தங்கள் மேலேயே புகார் எழுதுவார் என்ற பயம். என் கடை மாடியில் பிரகதீஸ்வரி என்று ஓர் இளம் வக்கீல் இருக்கிறாள். அவள் சீனியருக்குத் தெரியாமல் கீழே இறங்கி வந்து பத்திரத்தைப் பார்த்தாள். கைநாட்டைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டே பக்கம் போதும்,” என்றாள். “கைநாட்டு, நீங்க பாத்த வேல, ரிஜிஸ்டர்ல போட்ட கையெழுத்து. அவ்வளவுதான். பாதைங்கிற பேச்சு ஒரு எடத்துல வந்தாலும் போச்சு. பழைய கதையத்தான் திரும்பக் கொண்டாந்திருக்காங்களான்னு ஜட்ஜு பாப்பாரு. இது புதுசுன்னு அவருக்குத் தெரியணும்.”

அனுமதி கிடைத்தால் தன் பெயரிலேயே வழக்கை நடத்துவதாகவும் சொன்னாள்.

மனுவை நான் அடித்தபோது அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். கொழுந்தன் பெயரை அடிக்கும்போதெல்லாம் அவர் உதடு துடிக்கும். “அந்தக் கல்ல...” என்று ஆரம்பிப்பார். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். “சொல்லல. சொல்லலப்பா. நீ அடி,” என்பார். பதினான்கு வருஷம் யார் சொல்லியும் அடங்காத வாய், அன்றைக்கு அடங்கியது. இரண்டு பக்கம் சுத்தமாக வந்தது. பாதை என்ற சொல் எங்கும் இல்லை. பிரகதீஸ்வரி படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோர்ட்டில் கொடுத்த மனு பல சமயம் சின்னக் குறைக்காகத் திரும்பி வரும். தேதி இல்லை, ஒரு விவரம் விட்டுப்போச்சு என்று ஏதாவது இருக்கும். திருத்திக் கொடுக்க நாலைந்து நாள்தான் தருவார்கள். ஒவ்வொரு தடவையும் கட்சிக்காரர் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் ஆவூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் முன்கூட்டியே இரண்டு வெற்றுத்தாளில் அடியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். தப்புதான். ஆனாலும் இங்கே எல்லாரும் செய்வதுதான். ஞானமணி அக்கா ஒருவர்தான் செய்ததில்லை. எழுதாத பேப்பரில் அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. எத்தனை தடவை திரும்பினாலும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார்.

இந்தத் தடவை போட்டார். அருள்தாஸ் நிலத்தை வாங்கிய மனைக்காரர்கள் பக்கத்துக் கொல்லையில் ஜேசிபியை நிறுத்தியிருந்தார்கள். இவர் ஒருநாள் வெளியே போனாலும் உள்ளே இறக்கிவிடுவார்கள் என்று பயந்து, வாசலிலேயே கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். இனி அடிக்கடி வர முடியாது என்றார். நான் இரண்டு தாளை நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“ஒன்னய நம்பாம யார நம்பப் போறேன்,” என்று சொல்லிவிட்டு முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நினைத்தபடியே மனு திரும்பி வந்தது. சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும் எழுதவில்லை என்று குறிப்பு. திருத்திக் கொடுக்க வேண்டிய கடைசி நாள், கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாளாகவும் அமைந்துவிட்டது. அன்றைக்குக் கடையில் நிற்க இடம் இல்லை. ஆளாளுக்கு முதலில் எனக்கு, முதலில் எனக்கு என்று மேஜையைத் தட்டினார்கள். அக்கா கொல்லையின் நான்கு எல்லைகள் பழைய மனுக்களில் எல்லாம் இருக்கின்றன. எதற்குப் புதிதாக அடிக்க வேண்டும்? கம்ப்யூட்டரில் பழைய ஒன்றைத் திறந்து, அடியிலிருந்து மேலே இழுத்து வெட்டி, புதிய மனுவின் மூன்றாவது பக்கமாக ஒட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்ட தாளைப் பிரிண்டரில் கொடுத்தேன். எழுத்து மேலிருந்து இறங்கி, சரியாகக் கையெழுத்துக்கு அரை அங்குலம் முன்னால் வந்து நின்றது. பாந்தமாக அமைந்ததே என்று எனக்குத் திருப்திகூட வந்தது.

நாலு எல்லைக்கு ஒரு பக்கம் எப்படி நிறையும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எல்லைகளுக்கு நேர் மேலே இருந்த அந்த இரண்டு பத்தியும் சேர்ந்தே வந்திருந்தன. முப்பது நாற்பது தடவை அடித்த எழுத்து. அது கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

ஜூனில் மனு விசாரணைக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு அக்கா வந்தார். பழைய ரிஜிஸ்டர் இரண்டைப் பள்ளிக்கூடத்தில் கெஞ்சி வாங்கி வந்திருந்தார். நான் கடையை அடைத்துவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றேன். மாவட்ட நீதிபதி பொறுமையான மனிதர். பத்திரத்தை வாங்கி முழுவதும் படித்தார். அன்பினாலும் பிரியத்தினாலும் என்ற இடத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது. கைநாட்டைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு சொல் கூடுதலாக இல்லை. ‘இது மற்றதைப் போல இல்லையே’ என்று நீதிபதி தன் வாயால் சொன்னார். கதவு திறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்போது அரசு வக்கீல் எழுந்தார். மூன்றாவது பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது. நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

“மேற்படி எதிரி பாதைக் கற்களைப் பிடுங்கி எறிந்ததற்கு, அளவையர் முதல் நீதிமன்ற ஊழியர்கள் வரை உடந்தையாக இருந்துள்ளனர். நீதிமன்றங்களும் இதைக் கண்டும் காணாமல் இருந்து வருகின்றன.”

பின்னால் நின்ற வக்கீல்கள் சிரித்தார்கள். அது என் வரி. அது எப்படி அங்கே வந்தது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று அக்காவைக் கேட்டார். டவாலிச் சேவகர் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா பார்த்தார். எழுத்தைப் பார்த்தாரோ இல்லையோ, கையெழுத்தைப் பார்த்தார். தன் கையெழுத்து தனக்கு உண்டு என்று நிரூபிக்கத்தான் அவர் அங்கே வந்திருந்தார். அதை அவர் எப்படி இல்லை என்பார்?

“என் கையெழுத்துதாங்கய்யா,” என்றார்.

இதில் சொல்லியிருப்பது உங்கள் வார்த்தையா என்று அடுத்த கேள்வி.

“என் வார்த்ததாங்கய்யா.”

அதுவும் பொய்யில்லை. பதினான்கு வருஷம் அவர் சொன்ன வார்த்தைதான். நான் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ‘அய்யா, அது என் தப்பு’ என்று கத்தியிருந்தால் டவாலி வெளியே தள்ளியிருப்பார், அவ்வளவுதான். நான் கத்தவில்லை.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. பத்திரத்தைப் பற்றிய ஐயம் கவனிக்கத்தக்கது என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் உயர்நீதிமன்றம் எதைத் தடுத்ததோ அதையே மனுதாரர் அதே சொற்களில் மீண்டும் கொண்டுவந்திருக்கிறார். புதிய வழக்கு என்ற பெயரில் பழைய பகையைத் தொடரவே அனுமதி கேட்கிறார் என்று கருத வேண்டியுள்ளது. மனு தள்ளுபடி. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த மூன்றாவது பக்கத்தைப் படித்த எவரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

அன்று சாயங்காலமே பிரகதீஸ்வரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தான் பார்த்தபோது அந்தப் பத்தி இல்லையே, எப்படி வந்தது என்று கேட்டாள். டைப் அடிக்கும்போது தவறிப்போய் வந்திருந்தால் நான் ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் போதும், மதுரைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றாள்; சீனியரிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். நல்ல பெண். நான் தவறு செய்திருப்பேன் என்று சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வழி தேடித்தான் கேட்டாள்.

வாக்குமூலம் கொடுத்தால் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதைச் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வாசலில் எந்த வக்கீலும் எனக்கு இனி ஒரு தாள் கொடுக்க மாட்டார். என்னை மாதிரி இன்னும் ஆறு கடைக்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஐம்பத்து நாலு வயதில் நான் வேறு எங்கே போவேன்? இதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நிமிஷம் இருந்தது பயம் மட்டும்தான்.

“அக்காதான் கடைசியில சேக்கச் சொல்லிட்டாங்கம்மா,” என்றேன். “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

பிரகதீஸ்வரி நம்பிவிட்டாள். ஞானமணி அக்காவைப் பற்றி இப்படி ஒன்றைச் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? தலையில் அடித்துக்கொண்டு மேலே போனாள். அதற்குப் பிறகு அந்த வழக்கைப் பற்றி அவள் பேசவில்லை.

ஜூலையில் ஜேசிபி இறங்கியது. வேப்பமரங்களைச் சாய்த்து, அந்த மண்ணாலேயே கிணற்றைத் தூர்த்தார்கள். வீட்டைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். அதுவரை அக்கா தாக்குப்பிடித்ததே பெரிது. ஆவூரில் தங்கச்சி முறை உள்ள ஒருத்தி வீட்டுப் பின்கட்டில் இப்போது இருக்கிறார். கொல்லை இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். மனைகளுக்கு நடுவே இருபதடியில் தார் ரோடு போட்டிருக்கிறார்கள்; அது போகிற இடம்தான் அக்கா கேட்ட பாதை.

ஆகஸ்டில் அக்கா ஒருநாள் கடைக்கு வந்தார். தோளில் பை இல்லை. இளைத்திருந்தார். நான் டீ வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்றார். மாடியில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வருகிறேன் என்றார். எல்லாம் தெரிந்துபோய்ச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லப் போனால், அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் கத்தட்டும், தெருவே கூடட்டும், இந்தப் பாரம் இறங்கட்டும்.

அவர் கத்தவில்லை. என் எதிரே உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார்.

“நாந்தான் சேக்கச் சொன்னேன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. எப்பச் சொன்னேன்னு எனக்கு நெனவே இல்ல தம்பி. ராவும் பகலும் யோசிச்சுப் பாத்துட்டேன். வயசாயிப் போச்சு. நீ தடுத்தியாமே. தடுத்தும் கேக்கலன்னா, நான் என்ன சென்மம்?”

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை அந்த மனுஷி தன் மேல் குற்றம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கொழுந்தன் குற்றம், கமிஷனர் குற்றம், வக்கீல் குற்றம், கோர்ட்டின் குற்றம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அது அவருடையது இல்லை.

மதுரைக்குப் போக அப்போதும் நாள் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் போதும். திறந்தேன். மதுரைக்குப் போய்ப் பார்க்கலாமே என்று ஒப்புக்குக் கேட்டேன்.

“வேணாம்,” என்றார். “ஊரு பூராத்தயும் குத்தஞ் சொன்னேன். கடைசியில என் வாயிதான் என் கொல்லயத் தின்னுச்சு. போன ஞாயித்துக்கெழம கோயில்ல சாமியாருக்கிட்டப் போயி, செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். பதினாறு வருசம் கழிச்சு. மன்னிப்புக் குடுத்துட்டாரு. அபராதமா அம்பத்து மூணு மணி செபம் சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன். இப்ப மனசுல ஒண்ணுமில்ல. ஒன்னயப் படுத்துன பாட்டுக்கு ஒங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்னுதான் வந்தேன். மன்னிச்சுக்கப்பா.”

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா,” என்றேன்.